ஒரே பையில் நான்கு ஆஸ்பத்திரி: மருந்து மீளாய்வுக்கு நோயாளியைத் தயார்ப்படுத்துவது பற்றி

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் சந்திப்பில் நின்று, நல்ல ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். கூப்பிடு தூரத்தில் குழித்துறை அரசு மருத்துவமனை. கிழக்கே 1838-இல் தொடங்கிய நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி, அதற்கும் அப்பால் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. மேற்கே களியக்காவிளை தாண்டி நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில் திருவனந்தபுரம்: இருதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீசித்திரா, புற்றுநோய்க்கு ஆர்.சி.சி. முன்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி, கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி. போதாக்குறைக்கு ஊர்தோறும் வர்ம ஆசான்களின் எண்ணெயும் கஷாயமும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி, மார்த்தாண்டம் அடங்கிய விளவங்கோடு தாலுகா திருவனந்தபுரத்துப் பக்கத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நோயாளிகள் வண்டியேறும் திசை மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

வைத்தியத்துக்கு இத்தனை வாசல் இருப்பது பாக்கியம்தான். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் தனித்தனிச் சீட்டு. திருவனந்தபுரத்து இருதய மருத்துவர் எழுதியது மார்த்தாண்டத்து எலும்பு மருத்துவருக்குத் தெரியாது. அவர் எழுதிய வலி மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரியாது. ஆசானின் கஷாயம் இவர்கள் மூவருக்குமே தெரியாது. எல்லாம் ஒன்றுசேரும் இடம் நோயாளியின் வீடு. அங்கே இதையெல்லாம் அறிந்தவர் நோயாளி, அல்லது மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் மருமகள்.

ஒருவர் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றும் எதற்கு, இன்னும் தேவையா, அளவு சரியா, ஒன்றோடொன்று மோதுகிறதா, உண்மையிலேயே அவர் அதைச் சாப்பிடுகிறாரா என்று மருத்துவரோ மருந்தாளுநரோ உட்கார்ந்து பார்ப்பதுதான் மருந்து மீளாய்வு. சில நாடுகளில் இதற்கென்று நேரம் ஒதுக்கி நோயாளியை அழைக்கிறார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் தற்செயலாகத்தான் நடக்கிறது. உடம்பு மோசமாகி ஒரு மருத்துவரிடம் போகும்போது, "சாப்பிடுற மருந்தெல்லாம் கொண்டு வந்தீங்களா?" என்று அவர் கேட்பார். கையில் இருப்பது ஒரு சீட்டு, அல்லது அந்த ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரை மட்டும். மீளாய்வு அதோடு முடிந்துவிடும். மீளாய்வில் பாதிக்கு மேற்பட்ட வேலை நோயாளி வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிந்திருக்க வேண்டியது என்றும், அந்த வேலையை அவர் தலையில் மட்டும் கட்டுவது நடக்காத காரியம் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

துணிக்கடையில் கொடுத்த கட்டைப்பை ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். எந்தத் தனி மனிதருடையதும் அல்ல. ஆனால் இந்தப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் யாரும் இதைப் பார்த்து ஆச்சரியப்பட மாட்டார். பை எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவுடையது. திருவனந்தபுரத்தில் இருதயத்துக்குத் தந்தது எக்கோஸ்பிரின் ஏவி, டெல்மா ஏஎம். மார்த்தாண்டத்தில் சுகருக்குப் பார்க்கும் மருத்துவர் தந்தது கிளைக்கோமெட் ஜிபி, கூடவே கொழுப்புக்கு அடோர்வா. வீடு தேடி வரும் அரசு மாத்திரை மெட்ஃபார்மினும் அம்லோடிபினும். முழங்கால் வலிக்கு அசிக்ளோஃபினாக், அது வயிற்றைப் புண்ணாக்காமலிருக்கப் பான்டோபிரசோல். கால் வீங்கியபோது வேறொரு கிளினிக்கில் எழுதித் தந்த லாசிக்ஸ். மகன் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பனடால். அடியில் பாதி தீர்ந்த தசமூலாரிஷ்டம் ஒரு குப்பி.

பெயர்களைப் பார்த்தால் ஒன்றும் புலப்படாது, உள்ளே இருக்கும் சரக்கைப் பார்க்க வேண்டும். எக்கோஸ்பிரின் ஏவியில் ஆஸ்பிரினோடு அடோர்வாஸ்டாடினும் உண்டு. அடோர்வாவும் அதே அடோர்வாஸ்டாடின்தான். டெல்மா ஏஎம்மில் டெல்மிசார்டானோடு அம்லோடிபின் சேர்ந்திருக்கிறது. அரசு தரும் அம்லோடிபின் அதற்கு மேல் இன்னொன்று. கிளைக்கோமெட் ஜிபியில் மெட்ஃபார்மின் இருக்கிறது. தனி மெட்ஃபார்மினும் வருகிறது. ஆக, மூன்று மருந்துகள் இரட்டிப்பு. இதில் எந்த மருத்துவரும் தப்புச் செய்யவில்லை. தன் மேசைக்கு வந்ததைப் பார்த்து ஒவ்வொருவரும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். அம்லோடிபினின் அளவு கூடினால் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைப் புது நோயாக எண்ணி, நீர் பிரிய லாசிக்ஸ். லாசிக்ஸைச் சாயங்காலம் சாப்பிட்டால் ராத்திரி நாலு தடவை எழும்ப வேண்டும், பொட்டாசியமும் குறையும். தலை சுற்றி, இருட்டில் முற்றத்துக் கழிவறைக்குப் போகிற வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிவிடுவோம். ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோயென்று கருதி இன்னொரு மருந்து தரும் இந்தச் சங்கிலியை 1990-களில் பவுலா ரோஷானும் ஜெரி குர்விட்ஸும் மருத்துவ இதழ்களில் விளக்கிப் பெயரிட்டார்கள். அவர்கள் சொன்ன உதாரணங்களில் வலி மாத்திரையும் உண்டு. அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை ஏற்றும். டெல்மிசார்டான் வகை மருந்து, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து உடம்பில் நீர் வற்றிய நாளில் இன்னும் ஆபத்து. மாதிரிப் பையில் அந்த மூன்றும் இருக்கின்றன.

பனடாலும் வெறும் பாராசிட்டமால்தான். டோலோவும் கால்பாலும் அதுவேதான். வெளிநாட்டு மருந்துக்கு வீரியம் அதிகம் என்ற நம்பிக்கையில் டோலோவோடு அதையும் போடுகிறவர்கள் உண்டு. வலி மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே பாராசிட்டமால் சேர்ந்திருக்கும் என்பதையும் கணக்கில் வைத்தால் ஒரு நாள் அளவு எங்கே போய் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இந்தப் பிரச்சினை இங்கே கூடுதலாகத் தெரிய ஒரு காரணம் வயது. 2021-க்கான மதிப்பீட்டின்படி 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு கேரளத்தில் 16.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 13.6 விழுக்காடு, இந்தியாவின் பெரிய மாநிலங்களில் முதல் இரண்டு இடங்கள் இவை. இரண்டும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது இந்த மாவட்டம். சர்க்கரை நோய் பற்றி 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு அந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. கேரளம் பட்டியலின் மேற்பகுதியில் இருந்தது. மறுபுறம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு, ஏறத்தாழ 92 விழுக்காடு. படிக்கத் தெரிந்தவர்களுக்கே மருந்து குழம்புகிறது என்றால் படிப்பை மட்டும் நம்பிப் பயனில்லை.

பெயர் படிக்க முடியாமல் போவதற்குச் சின்னச் சின்னக் காரணங்கள் உண்டு. பத்து மாத்திரை அட்டையில் நாலு கேட்டால் கடையில் கத்திரியால் வெட்டித் தருவார்கள். பெயரும் காலாவதித் தேதியும் மற்றப் பாதியோடு கடையிலேயே தங்கிவிடும். வீட்டுக்கு வருவது வெள்ளிப் பளபளப்பில் நாலு குமிழ். காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் செட்டு மாத்திரையில் அதுவும் கிடையாது. கலர் கலராக நாலைந்து மாத்திரை ஒரு காகிதக் கவரில். அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று கவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிறமும் வடிவமும்தான் பலருக்கு அடையாளம்: "மஞ்சக் குளிகை", "நீட்டுக் குளிகை", "வாய்வுக்கு உள்ளது". மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விலை குறைவாக வாங்கும்போது கம்பெனி மாறும், மாத்திரையின் நிறமும் மாறும். மாத்திரையின் நிறம் மாறினால் நோயாளி அதை நிறுத்திவிடும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆரோன் கெசல்ஹெய்ம் குழுவினர் அமெரிக்காவில் வலிப்பு நோய் மருந்துகளை வைத்து 2013-இல் காட்டினார்கள். நம் ஊரில் நிறுத்துவதோடு போகாது, பழைய நிறத்தையும் புது நிறத்தையும் சேர்த்துச் சாப்பிடுவதும் நடக்கும்.

மறைப்பது என்று ஒன்று இருக்கிறது. அதைத் தொடாமல் தயாரிப்பு பற்றிப் பேசுவது வீண். "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்ற கேள்வி பல கிளினிக்குகளில் அதட்டலாகத்தான் வருகிறது. பதில் "இல்ல சாரே" என்பதைத் தவிர வேறென்னவாக இருக்கும்? ஆனால் அதிமதுரம் சேர்ந்த மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். அரிஷ்டங்களில் இயல்பாகவே கொஞ்சம் ஆல்கஹால் உண்டு. முறையாகச் செய்யப்படாத பற்பங்களில் ஈயமும் பாதரசமும் எஞ்சும். சர்க்கரைக்குப் பாவைக்காய்ச் சாறும் வெந்தயமும் மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை கூடுதலாக இறங்கலாம். முன்சிறையிலோ கோட்டாறிலோ முறையாகப் படித்த மருத்துவர் எழுதிய மருந்தானாலும் பட்டியலில் அதற்கு இடம் வேண்டும். அதே போல, அந்தச் சித்த மருத்துவருக்கும் இந்த ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்ட வேண்டும். ஒளிவு இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆங்கில மருத்துவத்துக்கு மட்டும் காட்டினால் போதும் என்று சொல்வது நியாயமில்லை.

வெளியுலகம் இந்தக் கேள்வியோடு நாற்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டுகிறது. அமெரிக்காவில் 1980-களில், வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் மளிகைக்கடைப் பழுப்புக் காகிதப் பையில் போட்டு எடுத்துவரச் சொல்லும் வழக்கம் பரவியது. ஆஸ்திரேலியாவில் 2001 முதல் குடும்ப மருத்துவர் பரிந்துரைத்தால் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் வீட்டுக்கே வந்து பார்க்கிறார், செலவு அரசுடையது. இங்கிலாந்தில் 2005-இல் மருந்துக்கடை அளவில் தொடங்கிய மீளாய்வுத் திட்டம் 2021-இல் நிறுத்தப்பட்டு, மருத்துவர் குழுக்களோடு இணைந்த விரிவான மீளாய்வு அந்த இடத்துக்கு வந்தது. அதே ஆண்டு அந்நாட்டின் தலைமை மருந்தாளுநர் கீத் ரிட்ஜ் தலைமையிலான அறிக்கை, அங்கு வழங்கப்படும் மருந்துகளில் குறைந்தது 10 விழுக்காடு தேவையற்றது அல்லது பொருந்தாதது என்று மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் 'தீங்கில்லா மருந்து' என்ற அறைகூவலை விடுத்து, மூன்று இடங்களைக் குறிப்பாகச் சுட்டியது: ஒரே ஆளுக்குப் பல மருந்து, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும் தருணம், அபாயம் மிகுந்த சூழ்நிலைகள். மார்த்தாண்டத்துப் பையில் மூன்றும் உண்டு.

எனக்கு இவற்றில் பிடித்தது ஜப்பானியரின் மருந்துக் குறிப்பேடு. 1993-இல் சோரிவுடின் என்ற அக்கிப் புண் மருந்தையும் ஒருவகைப் புற்றுநோய் மருந்தையும் ஒன்றாக உட்கொண்டவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டையும் எழுதியவர்கள் வெவ்வேறு மருத்துவர்கள். அதன்பின் நோயாளி கையிலேயே ஒரு சின்ன நோட்டு இருக்க வேண்டும், எந்தக் கடையில் மருந்து வாங்கினாலும் அதில் ஒட்ட வேண்டும் என்ற பழக்கம் வலுப்பட்டது. 2011 சுனாமியில் ஆஸ்பத்திரி ஆவணங்கள் அடித்துச் செல்லப்பட்ட ஊர்களில் அந்த நோட்டு கைகொடுத்தது. இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். இலங்கையில் அரசு மருத்துவமனைக்குப் போகும் யாழ்ப்பாணத்து முதியவர் தன் கிளினிக் கொப்பி இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார். கொடுக்கும் குளிசை அத்தனையும் அதில் இருக்கும். நம்மிடம் இருப்பது ஓ.பி. சீட்டு. மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, சட்டைப்பையில் வியர்வையில் நனைந்து போகும் துண்டுத்தாள்.

மீளாய்வு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சான்றுகள் சொல்லவில்லை. மருத்துவமனையில் இருப்போருக்கு மீளாய்வு செய்த பரிசோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வுகளில் இறப்பு குறைந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. இன்னும் விசித்திரமானது 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த இங்கிலாந்து ஆய்வு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய, 80 வயதைக் கடந்த 872 பேரில் ஒரு பாதியினருக்கு மருந்தாளுநர் வீட்டுக்கே போய் மீளாய்வு செய்தார். குறையும் என்று எதிர்பார்த்த மறு அனுமதி, அவர்களிடம் மற்றவர்களைவிட 30 விழுக்காடு அதிகமாயிற்று. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வைத்ததால் பக்கவிளைவு கூடியதா, உடம்பைப் பற்றிய கவலை கூடி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்களா என்று பலவாறாக விவாதித்தார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: வந்தவர் ஒரு நோக்கத்தோடு வந்தார், வீட்டில் இருந்தவருக்கு எதற்காக வருகிறார் என்று தெளிவாகத் தெரிந்திருக்காது. பட்டியல் சுத்தமாகலாம், ஆனால் அவருக்கு எது தொந்தரவு என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நோயாளியை முன்கூட்டித் தயார்ப்படுத்துவதால் பயன் உண்டா என்பதற்குத் தனியாகவே சான்று உண்டு. மருத்துவரைப் பார்க்கும் முன் கேள்விகளை எழுதிவைக்க உதவினால் என்ன ஆகும் என்று கின்னர்ஸ்லி குழுவினர் 2007-இல் 33 பரிசோதனைகளைத் தொகுத்தார்கள். நோயாளிகள் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார்கள், கொஞ்சம் கூடுதல் திருப்தியோடு போனார்கள். பலன் சின்னதுதான். ஆனால் அந்தப் பரிசோதனைகள் பெரும்பாலும் பணக்கார நாடுகளில் நடந்தவை. 2017-இல் 67 நாடுகளை ஒப்பிட்ட ஒரு தொகுப்பில், மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தரும் நேரம் ஸ்வீடனில் சராசரி 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 விநாடி. நமக்கு எது பக்கத்தில் என்று சொல்ல வேண்டியதில்லை. 22 நிமிடம் கிடைக்கும் ஊரில் தயாரிப்பு ஒரு வசதி. டோக்கன் எழுபதைத் தாண்டிய ஊரில், பையைப் பிரித்து அடுக்கவே கிடைக்கும் கொஞ்ச நேரமும் போய்விடும். அடுக்கியபடி வந்தால்தான் மருத்துவர் கண் அதன்மேல் படும்.

சரி, யார் அடுக்கித் தருவது? சட்டப்படி பார்த்தால் மருந்தாளுநர். இந்திய மருந்தியல் மன்றத்தின் 2015 விதிமுறைகள் நோயாளிக்கு மருந்தைப் பற்றி ஆலோசனை சொல்வதை அவர் கடமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கின்றன. 2008 முதல் ஃபார்ம்.டி. என்ற ஆறாண்டுப் படிப்பும் இருக்கிறது. நடைமுறையில் கடை முகப்பில் ஒரே நேரத்தில் ஆறு கை நீளும். சீட்டைப் பார்த்து எடுத்துத் தருவதற்கே ஆள் போதாது, ஆலோசனைக்குக் கட்டணமும் இல்லை. படித்துவிட்டு வரும் இளைஞர்கள் வளைகுடாவுக்கோ மருந்துக் கம்பெனிக்கோ போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வீட்டு வாசலுக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் ஒருவர் இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் பிரஷரும் சுகரும் உள்ளவர்களின் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறார்கள். 2024-இல் இதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. அவர்கள் மாத்திரை கொடுக்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், குறித்துக்கொள்கிறார்கள். வீட்டில் வேறென்ன மாத்திரை இருக்கிறது என்று கேட்பதும் எழுதுவதும் இந்த வேலையோடு சேர்ந்தால், மாதிரிப் பையிலுள்ள அம்லோடிபின் இரட்டிப்பு முதல் மாதமே தெரிந்துவிடும். மருந்தை நிறுத்தவோ மாற்றவோ அவருக்கு அதிகாரம் வேண்டாம், கூடாதும். பட்டியல் போட்டால் போதும். அந்த உரையாடல் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்வது கடினமில்லை.

"பாட்டி, இது எதுக்குள்ளது?"

"அது வாய்வுக்கு உள்ளது மக்களே."

"யாரு எழுதித் தந்தது?"

"முன்ன முட்டுவலிக்குப் போனேன்லா, அப்ப தந்தது. தீந்தா கடையில சொல்லி வாங்குவேன்."

"எத்தன வருசமா?"

"அது ஆச்சு, எளயவளுக்கக் கல்யாணத்துக்கு முன்ன."

இந்த ஆறு வரியில் பான்டோபிரசோல் எத்தனை ஆண்டாக ஓடுகிறது, எதற்காகத் தொடங்கியது, யார் மேற்பார்வையில் இருக்கிறது என்பது மூன்றும் கிடைத்துவிட்டன. எந்தப் படிவமும் இதை இவ்வளவு சீக்கிரம் வாங்கித் தராது.

பையில் என்னென்ன போட வேண்டும் என்பதில் ஒரே விதி போதும்: எதையும் ஒதுக்கக் கூடாது. நிறுத்திவிட்ட மருந்து, பாதி தீர்ந்த டானிக், கண் சொட்டு, இழுப்புக்கு உறிஞ்சும் மருந்து, தைலம், லேகியம், பக்கத்து வீட்டுக்காரி "எனக்கு நல்லாருக்கு" என்று தந்த நாலு மாத்திரை, எல்லாம் வர வேண்டும். இன்சுலின் மட்டும் குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும், லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டால் போதும். வீட்டில் சுத்தம் பண்ணிவிட்டுக் கொண்டுவருவதுதான் பெரிய இடைஞ்சல். வெட்கப்பட்டு, காலாவதியானதை எறிந்து, அட்டையெல்லாம் கழற்றி டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும், பயன் இருக்காது. அட்டையோடு, குழப்பத்தோடு வரட்டும்.

கூடவே ஒரு தாள். மருந்தின் பெயரை எழுதத் தெரியாவிட்டால் அட்டையின் ஒரு துண்டை ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு நேராக எழுத வேண்டியது சீட்டில் போட்டிருக்கும் 1-0-1 வேண்டாம். உண்மையில் எப்போது சாப்பிடுகிறார் என்பது. காலையில் சாப்பிட வேண்டிய நீர் மாத்திரையை, பஸ்ஸில் போகும்போது அடக்க முடியாது என்று சந்தைக்குப் போகும் நாளில் விடுகிறாரா? அதை எழுதலாம். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்கு இருட்டோடு போகிறவர் காலைச் சுகர் மாத்திரையை எப்போது போடுகிறார், கஞ்சி எப்போது குடிக்கிறார்? கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு முந்நூறு மரம் வெட்டினால் கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். அதைக் களைப்பென்று நினைத்துக்கொள்வார். மருத்துவருக்கு அவர் எழும்பும் நேரமே தெரியாது. தைராய்டு மாத்திரையைக் கால்சியம், இரும்பு மாத்திரைகளிலிருந்து நாலு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும் என்பது தெரியாமல் மூன்றையும் ஒரே வாயில் போடுகிறவர்கள் உண்டு. தைராய்டு கட்டுக்குள் வரவில்லை என்று டோஸ் ஏறிக்கொண்டே போகும்.

தாளில் 'எதற்கு' என்றொரு கட்டம் கட்டாயம் வேண்டும். நோயாளி என்ன நினைக்கிறாரோ அதை அப்படியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. வெறுமையாக விட்ட கட்டம்தான் மீளாய்வு தொடங்க வேண்டிய இடம். விட்டுப்போன நாட்களைக் கேட்கும்போது, "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமென்பார்கள். "போன வாரத்தில எத்தன நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டால் விட்டுப்போவது சகஜம் என்ற அனுமதி அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நாள்பட்ட நோய்க்கான மருந்தை வளர்ந்த நாடுகளிலேயே பாதிப் பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று 2003-இலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

உடம்பில் கண்ட மாற்றங்களில் விழுந்தது, தலைசுற்று, கால்வீக்கம், வறட்டு இருமல், மலச்சிக்கல், ராத்திரி எழும்புவது ஆகியவற்றைத் தேடிக் கேட்க வேண்டும்; தானாகச் சொல்ல மாட்டார்கள். எனலாப்ரில் வகை மாத்திரையால் வரும் வறட்டு இருமலுக்கு மாதக்கணக்கில் சிரப் குடித்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். கடைசியாக எடுத்த கிரியேட்டினின், பொட்டாசியம், மூன்று மாதச் சர்க்கரை அளவு இருக்கும் தாள்களும் பையில் வரட்டும். இருதய வால்வு மாற்றியவர்களுக்குத் தனி எச்சரிக்கை. 1990-இல் முதல் சித்திரா வால்வைப் பொருத்திய ஸ்ரீசித்திரா இந்தப் பகுதிக்கு மிக அருகில் இருப்பதால், இரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவர்கள் இங்கே கணிசம். அவர்கள் இரத்தம் உறையும் வேகத்தைக் குறித்துவைக்கும் ஐ.என்.ஆர். நோட்டை எல்லா மருத்துவரிடமும் காட்ட வேண்டும். பல்வலிக்குப் போனாலும்கூட. ஒரு ஆன்டிபயாட்டிக்கோ வலி மாத்திரையோ இரத்தக்கசிவுக்குக் காரணமாகலாம். முருங்கைக்கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, வாரா வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும்.

கூட யார் வருவது என்பதும் தயாரிப்பில் சேர்ந்ததுதான். பணம் அனுப்பும் மகன் வாட்ஸாப்பில் இருந்துகொண்டு பேசுவார். மாத்திரையை எடுத்துக் கொடுப்பது மருமகள் அல்லது பேத்தி. வர வேண்டியவர் அவர்தான். ஆனால் அவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டால் நோயாளி வாயே திறக்க மாட்டார். அதனால் நோயாளியின் சொந்தக் கேள்வி ஒன்றை, ஒன்றே ஒன்றை, தாளின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். "ராத்திரி எழும்பாம ஒறங்கணும்." "ஞாயித்துக்கிழம கோயில்ல ஆராதனை முடியுற வரைக்கும் இருக்கணும், நடுவில எழும்பிப் போவ முடியாது." "மாசம் இத்தன ரூவா ஆகுது, எத கொறக்கலாம்?" இருபது கேள்வி அச்சிட்ட வழிகாட்டிகளை வெளிநாட்டு மருத்துவமனைகள் தருகின்றன. இங்கே டாக்டரிடம் இருபது கேள்வி கேட்டால் அதை எதிர்த்துப் பேசுவதாகவே எடுத்துக்கொள்வார்கள். தாளில் எழுதியிருப்பதை டாக்டரே படித்தால் அந்தச் சங்கடம் இல்லை.

தயாரிப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. பையைப் பிரித்துப் பார்த்து, இரட்டிப்பைக் கண்டு, நாமே நிறுத்திவிடலாம் என்று தோன்றும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பது தெரிந்தால் அன்றே மருத்துவரையோ மருந்தாளுநரையோ கூப்பிட்டுக் கேட்க வேண்டும், மீளாய்வு நாள் வரை காத்திருக்கக் கூடாது. மற்றபடி மெட்டோப்ரொலால் போன்ற இருதய மாத்திரை, ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை, நாள்பட்ட தூக்க மாத்திரை இவற்றைச் சட்டென்று நிறுத்தினால் நிறுத்தியதே உயிருக்கு வினையாகலாம்.

இதில் அரசு செய்ய வேண்டியது ஒரு தாள் அளவுதான்: தமிழில், பெரிய எழுத்தில், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் கையில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒரு பட்டியல். எல்லை தாண்டிப் போகிறவர்களுக்காக மருந்தின் பொதுப்பெயர் ஆங்கிலத்திலும் இருந்தால் திருவனந்தபுரத்திலும் படிப்பார்கள். மருந்துகளின் பொதுப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ மன்றம் 2016-லேயே விதி திருத்தியது. அந்த விதி சீட்டில் நடைமுறைக்கு வந்தாலே தன்னார்வலரின் வேலை பாதியாகும். ஆயுஷ்மான் பாரத் எண்ணில் எல்லா மருத்துவ ஆவணமும் சேர்ந்துவிடும் என்று சொல்கிறார்கள். சேரட்டும். ஆசானின் கஷாயமும் வளைகுடாப் பனடாலும் எந்தக் கணினியிலும் ஏறப்போவதில்லை.

மீளாய்வு முடிந்த பிறகுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மருத்துவர் இரண்டு மருந்தை நிறுத்துகிறார், ஒன்றின் அளவைக் குறைக்கிறார். பழைய அட்டைகள் வீட்டுச் சன்னலில் அப்படியே இருக்கும், மாதக் கடைசியில் கடைக்காரரும் பழைய சீட்டைப் பார்த்துப் பழையதையே தருவார். எனவே புதுப் பட்டியலின் நகல் மூன்று இடங்களுக்குப் போக வேண்டும்: வழக்கமாக வாங்கும் மருந்துக்கடை, தன்னார்வலர், திருவனந்தபுரத்துக் கோப்பு. பழைய சீட்டின் குறுக்கே கோடு போட்டு அன்றைய தேதியை எழுத வேண்டும். நிறுத்திய மாத்திரைகளைக் கடையில் திருப்பித் தந்தோ உறையிலிருந்து எடுத்துக் குப்பையோடு கலந்தோ வீட்டை விட்டு அகற்ற வேண்டும். அம்லோடிபினைக் குறைத்திருந்தால் இரண்டு வாரத்துக்குள் பிரஷர் பார்க்க வேண்டும். லாசிக்ஸை நிறுத்தியிருந்தால் கால் வீக்கமும் எடையும் கவனிக்க வேண்டும். சுகர் மாத்திரையைக் குறைத்திருந்தால் விடியற்காலைச் சர்க்கரை. இவற்றில் முதலாவதைத் தன்னார்வலரே வாசலில் பார்த்துவிடுவார், கருவி அவர் பையிலேயே இருக்கிறது. புது மருந்தால் ஒவ்வாமையோ வேறு தொந்தரவோ தெரிந்தால் மருத்துவரிடம் சொல்வதோடு 1800-180-3024 என்ற தேசிய மருந்து விழிப்பு எண்ணிலும் நோயாளியே தெரிவிக்கலாம். அழைப்புக்குக் காசு இல்லை.